காத்தாடி இல்லை என்று சொன்ன கம்ப்யூட்டர்

என் மனைவி தன் கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் என்றுதான் சொல்வாள். பெட்டியின் பக்கவாட்டில் கையை வைத்துப் பார்த்து, இன்றைக்கும் சுடுகிறது என்பாள். கொஞ்ச நேரத்தில் அது தானாக அணைந்துவிடும்.

அவள் தமிழ் நாடகங்களுக்கு மலாய் வசன வரிகள் போடுகிறவள். அதற்கு முன்னால் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தலைமுதல் கால்வரை வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு, தூசு படாத அறையில் மின்னணுச் சில்லுகளைச் சோதிப்பாள். ஷிஃப்ட் மாறி மாறி உடம்பு கெட்டுப்போய் வீட்டோடு இந்த வேலைக்கு வந்தாள். இப்போதுதான் முதல் தடவையாக ஒரு முழுப் படம் கைக்கு வந்திருந்தது. திங்கட்கிழமை அனுப்பியாக வேண்டும். வரிகளை எல்லாம் எழுதி முடித்துவிட்டாள். ஆனால் படத்தோடு அவற்றைச் சேர்க்கும் வேலையைத் தொடங்கினால் பாதியிலேயே பெட்டி அணைந்தது. திங்கள் தவறினால் அடுத்த படம் வேறு யாருக்காவது போய்விடும். மறுபடியும் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்தான் என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பயமாக இருந்தது.

கடையில் கொடுத்தால் ஒரு வாரமாகும் என்றார்கள். நான் இணையத்தில் துழாவி ஒரு புதுக் கூலர் வாங்கினேன். கம்ப்யூட்டரின் மூளையான சில்லின் மேல் உட்கார்ந்து சூட்டை இழுத்து வெளியே தள்ளுகிற சாமான் அது. அடுக்கடுக்காக அலுமினியத் தகடுகள், அவற்றின்மேல் ஒரு காத்தாடி, அவ்வளவுதான். இணையத்தில் இருந்த படத்தில் பார்க்கும்போது மாட்டுவது சுலபமாகத்தான் தெரிந்தது.

சனிக்கிழமை அவள் சுங்காய்க்கு ஒரு கல்யாணத்துக்குப் போனாள். துணைக்கு அவள் தம்பியை வரச் சொன்னேன். சுங்கை சிப்புட்டில் லோரிப் பட்டறை வைத்திருப்பவன். கையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தோடு வந்து இறங்கியவன், லோரி ரேடியேட்டரை விடவா இது பெரிது என்று கேட்டான். எனக்குத் தெம்பு வந்தது. அவனுக்கும் ஒன்றும் தெரியாது என்பது பெட்டியைத் திறந்த பிறகுதான் தெரிந்தது.

நான்கு ஸ்குருவைத் தளர்த்திப் பழைய கூலரைத் தூக்கினோம். தகடுகளுக்கும் காத்தாடிக்கும் நடுவே, பழுப்பாக, தடிமனாக, கம்பளித் துண்டு போல ஒன்று அடைத்திருந்தது. விரலில் ஒட்டியது. காற்று போக ஊசிமுனை இடம்கூட இல்லை.

மச்சினன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "மச்சான், இங்க உக்காந்து சிகரெட் அடிக்கிறீங்களா? அக்காவுக்குத் தெரியுமா?"

சிகரெட்டை விட்டவன் நான். சத்தியம் செய்யவே தயாரானேன். அப்புறம் அந்தத் துண்டை மூக்கருகே கொண்டுபோனேன். சாம்பிராணி.

வெள்ளிக்கிழமைதோறும் சாமி படங்களுக்குக் காட்டிவிட்டு அவள் நேராகக் கம்ப்யூட்டரிடம்தான் வருவாள். சோறு போடுவது அதுதானே என்பாள். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும், அவள் சுற்றிச் சுற்றிப் புகை காட்டுவாள், உள்ளே இருக்கும் காத்தாடி அவ்வளவையும் உறிஞ்சிக்கொள்ளும். சூடு ஏற ஏற, கண் பட்டிருக்கிறது என்று செவ்வாய்க்கிழமையும் காட்ட ஆரம்பித்தாள். முடி விழுந்தாலே வேலையை நிறுத்துகிற அறையில் காலம் தள்ளியவள் இவள் என்று நினைத்தபோது எனக்குத் தலை சுற்றியது. கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது.

அக்காவிடம் மூச்சு விடாதே என்றேன். பழைய கூலரைப் பேப்பரில் சுருட்டிக் குப்பைத்தொட்டியின் அடியில் திணித்தேன்.

குழப்பம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. புதுக் கூலரோடு வந்த இரும்புத் தகட்டை, சில்லு உட்கார்ந்திருக்கும் மதர்போர்டுப் பலகையின் பின்னால் வைக்க வேண்டுமாம். எங்கள் பெட்டியில் பின்னால் இடமே இல்லை. அங்கே நான்கு இரும்புக் கால்கள் பெட்டியோடேயே ஒட்டப்பட்டிருந்தன. பெட்டி ஒரு ஜாதி, கூலர் ஒரு ஜாதி. தகட்டைத் திருப்பி வைத்தோம், கவிழ்த்து வைத்தோம். கடைசியில் மச்சினன் பழைய கூலரைக் குப்பையிலிருந்து எடுத்து, அதன் ஸ்குருக்களை மட்டும் கழற்றிப் புதியதில் போட்டுப் பார்த்தான். அந்தக் கால்களில் அவை இறங்கின. எப்படி என்று கேட்டேன். தெரியாதுலா என்றபடியே பழைய கூலரை மறுபடியும் பேப்பரில் சுருட்டிக் குப்பையில் திணித்தான்.

அடுத்தது பசை. சில்லுக்கும் கூலருக்கும் நடுவே வைக்கிற சாம்பல் நிறப் பசை அது, சின்ன ஊசிக்குழாயில் வந்திருந்தது. பட்டாணி அளவு போதும் என்று தாளில் போட்டிருந்தது.

"எந்தப் பட்டாணி? காஞ்சதா, ஊறினதா?" என்றான் மச்சினன்.

பட்டாணி கடலைக்குப் பேர்போன ஈப்போவில் அதைத் தின்று வளர்ந்த இரண்டு பேருக்கு இது சாதாரணக் கேள்வியில்லை. காய்ந்ததற்கும் ஊறியதற்கும் நடுவில் ஒன்றை வைத்தோம்.

பெட்டியை ஓட விட்டோம். காத்தாடி சுற்றியது. திரையில், காத்தாடி இல்லை என்று வந்தது. கண்ணெதிரே சுற்றுகிறதை இல்லை என்று சொன்னால் என்ன செய்வது? வயரைப் பிடுங்கிச் செருகினோம். மறுபடியும் அதையேதான் சொன்னது. ஒரு பொத்தானை அழுத்தினால் மேலே போகலாம் என்று கீழே போட்டிருந்தது. அழுத்தினேன், போனது. அதோடு நான் யோசிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

சாயங்காலம் அவள் கல்யாணத்துக்குக் கட்டிய புடவையோடேயே உட்கார்ந்து வேலையை ஓட விட்டாள். பாதி தாண்டியது. முக்கால் தாண்டியது. அவள் பெட்டியில் கை வைத்தபடியே இருந்தாள். படம் முழுசாக வெளியே வந்தபோது அவளுக்குக் கண் கலங்கியது. என் சாமி காப்பாற்றிவிட்டது என்றாள். மச்சினன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை படம் போனது. அடுத்த வெள்ளிக்கிழமையை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் போனது. புதுக் கூலருக்கும் அதே கதிதானே வரும். காட்டாதே என்றால் சாமி குற்றம். ஏன் என்று சொன்னால், இத்தனை நாளும் அதைக் கெடுத்தது நீதான் என்று ஆகும். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்து.

வெள்ளிக்கிழமை தூபக்காலோடு வந்தாள். நான் போய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, மழை வரும்போல இருக்கிறது என்றேன். வெளியே வெயில் கொளுத்தியது. அவள் என்னைத் தாண்டிக் கையை நீட்டிக் கம்ப்யூட்டரை அணைத்தாள். காத்தாடி நிற்கும்வரை காத்திருந்தாள். பிறகுதான் புகை காட்டினாள்.

"குப்பை கொட்டப் போனேன். பேப்பரைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே சாம்பிராணி வாசம் வந்துடுச்சு."

அவள் புகை முழுவதும் அடங்கும்வரை ஜன்னலோரம் நின்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

"படம் கைய விட்டுப் போயிருந்தாலும் என் புகைதான் காரணம்னு நீங்க சொல்லியிருக்க மாட்டீங்க, இல்ல?"

அவள் என்னை மெச்சினாளா, குத்திக்காட்டினாளா? இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை. ஆமாம் என்று மட்டும் சொன்னேன். அவள் பெட்டியைத் திரும்ப ஓட விட்டாள். காத்தாடி இல்லை என்று திரை சொன்னது. இருக்கு, இருக்கு என்று அதனிடம் மெல்லச் சொல்லிவிட்டு, பொத்தானை அழுத்தி வேலைக்கு உட்கார்ந்தாள்.