என் பக்கம் வந்த லீவர்

அரியலூரில் எங்களுக்குப் பாத்திர வாடகைக் கடை இருந்தது. கல்யாணம், காதுகுத்து, எதுவானாலும் அண்டா, தவலை, ஜமுக்காளம், மைக் செட் எல்லாவற்றையும் ஒரு பழைய பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு நானும் என் கணவரும் ஊர் ஊராகப் போவோம். அவர் ஓட்டுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளம் வரும்போதெல்லாம் பின்னால் கேட்கும் சத்தத்தை வைத்தே எந்த அண்டா எதன்மேல் விழுந்தது என்று சொல்லிக்கொண்டு வருவேன். எண்பதுகளின் தொடக்கம் அது. கல்யாணமாகிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. சண்டை போடவும் சமாதானமாகவும் எங்களுக்கு அந்த வண்டியின் முன்சீட்டே போதுமானதாக இருந்தது.

வெயில் காலத்தில் வண்டியைக் குறை சொல்ல முடியாது. மழைக்காலத்தில்தான் அதன் குணம் தெரியும். ஆண்டிமடம் பக்கம் முந்திரித் தோப்பு மண்ணில் எவ்வளவு பெய்தாலும் தண்ணீர் இறங்கிவிடும். எங்கள் ஊரைச் சுற்றியிருந்த கரிசலோ ஒரு மழைக்கே களியாகிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு ஐப்பசியில், கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், பெண் வீட்டுக்குப் பாத்திரம் கொண்டுபோகும் வழியில் மாட்டிக்கொண்டோம். ஊர்க் கோயில் கண்ணுக்குத் தெரிகிறது, வண்டி நகரவில்லை. இடது பின்சக்கரம் சேற்றில் இறங்கியிருந்தது. வலது சக்கரம் நல்ல கெட்டித் தரையில் நின்றது. அவர் மிதிக்க மிதிக்கச் சேற்றில் கிடந்த சக்கரம் பம்பரமாகச் சுற்றியது. மற்றது தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் நின்றது.

இறங்கிப் பார்த்துவிட்டுக் கத்தினேன். “ஏங்க, நல்ல எடத்துல நிக்கிற சக்கரம் சுத்தவே இல்லீங்க!”

“அது அப்புடித்தான். நீ பின்னாடி போய்த் தள்ளு.”

தள்ளினேன். கழுத்து வரை சேறு தெறித்ததுதான் மிச்சம். கடைசியில் கல்யாண வீட்டு ஆண்களே வந்து அண்டாக்களைத் தலையில் சுமந்துகொண்டு போனார்கள். சாயங்காலம் அடுப்பு மூட்ட நேரமாகி, வந்த உறவுக்காரர்கள் பசியோடு காத்திருந்தார்கள். பெண்ணின் அத்தை என்னைப் பார்த்து, “சொல்லியிருந்தா நாங்களே மாட்டு வண்டி அனுப்பியிருப்பமே” என்றார். திட்டியிருந்தால்கூட என் கணவர் தாங்கியிருப்பார். இரண்டு நாள் என்னோடுகூட முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாம் நாள் வண்டியைப் பெரம்பலூருக்கு விட்டார். அங்கே பட்டறை வைத்திருந்த பாய்தான் எப்போதும் எங்கள் வண்டியைப் பார்ப்பவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு டீ சொன்னார். பிறகு எனக்கும் புரியும்படி விளக்கினார். வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரத்தைவிட வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அதற்காகப் பின் அச்சின் நடுவில் டிஃபரன்ஷியல் என்று ஒரு பல்சக்கரக் கூட்டம் இருந்து, இரண்டு சக்கரங்களையும் தனித்தனி வேகத்தில் சுற்ற விடுகிறது.

“ரோட்டுல அது சௌகரியம் தங்கச்சி. சேத்துல அதுதான் கழுத்தறுக்கும். எது லேசா சுத்துதோ அந்தச் சக்கரத்துக்கே இழுவை எல்லாம் போயிரும். ரெண்டையும் ஒண்ணா லாக் பண்ணிட்டா, நல்ல எடத்துல நிக்கிறது வண்டியை இழுத்துக்கிட்டு வெளிய வந்துரும்.”

லாக்கில் மூன்று விதம் இருந்தது. பல்சக்கரங்களை ஒரேயடியாக வெல்டிங் வைத்துவிடுவது ஒன்று. பட்டாளத்து ஏலத்தில் வந்த சாமான்களில், தானாகவே பூட்டி தானாகவே விடுகிற டிஃபரன்ஷியல் ஒன்று. லீவரை இழுத்தால் பூட்டி, தள்ளினால் விடுவது இன்னொன்று. கடைசி இரண்டையும் திருச்சியில் தேடிப் பிடிக்கலாம் என்றார் பாய்.

“வெல்டிங் வையுங்க பாய். ஒரே வேலையா முடிஞ்சுரும்” என்றார் என் கணவர்.

“திரும்பறப்போ என்ன ஆகும்?” என்று நான் கேட்டேன்.

பாய் சிரித்தார். “போய் ஏறிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. நான் செஞ்சு கொடுத்த வண்டி ஊருக்கு ஒண்ணு ஓடுது.”

முதலில் பாடாலூருக்குப் போனோம். அங்கே கல் ஏற்றுகிற ஒருவர் வெல்டிங் வைத்த வண்டி வைத்திருந்தார். எங்களை ஏற்றிக்கொண்டு குவாரிப் பாதையில் மலையாடு மாதிரி ஏறினார். என் கணவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அங்கிருந்து இறங்கித் தார் ரோட்டில் திரும்பினோம். டயர் கீச்சென்று கத்தியது, வண்டி திரும்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது, நான் என் கணவர் மடியில் போய் விழாத குறை. அந்தக் கல்காரர், “கல்லு ஒண்ணும் சொல்லாதும்மா, அதுபாட்டுக்குக் கெடக்கும்” என்றார். எங்கள் கண்ணாடித் தம்ளர்களை நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது எறையூர். சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்புப் பாதையில் ஓடிய வண்டியில், தானாகப் பூட்டுகிற சாமான் போட்டிருந்தது. வயல் வரப்போரம் நன்றாகத்தான் போனது. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் அடியில் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் டடக், டடக் என்று சத்தம். ஒரு தடவை நனைந்த ரோட்டில் நினைத்துக்கொண்டாற்போல் பக்கவாட்டில் வெட்டியும் இழுத்தது. வண்டிக்காரருக்கு அதில் பெருமைதான்.

“ஊர் எல்லையில திரும்பறப்பவே எம் பொஞ்சாதி சத்தத்தைக் கேட்டு ஒலையை வச்சுரும். நான் போய் எறங்குனா சோறு தயாரு.”

திரும்பி வரும்போது என் கணவர் அந்தச் சோற்றிலேயே மயங்கியிருந்தார். “அதையே போட்டுருவோம். நாம ஒண்ணும் செய்ய வேணாம். தானா பூட்டிக்கும்.”

“எப்ப பூட்டும், எப்ப விடும்னு அதுக்குத்தான் தெரியும். நமக்குத் தெரியாது. லீவரே போடலாங்க. வேணுங்கறப்போ இழுத்துக்கலாம்.”

“எடுக்க மறந்துட்டா?”

“நான் எதுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கேன்?”

பாடாலூர்க் கீச்சொலியையும் எறையூர் டடக்கையும் அவருக்கு நான் வாயாலேயே செய்து காட்டினேன். பெரம்பலூர் வருவதற்குள் சிரித்துவிட்டார். சிரித்தால் சம்மதம் என்று அர்த்தம்.

பாய் திருச்சிக்குப் போய், லீவர் லாக் வைத்த அச்சு ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். வேலை முடிகிற நாளில்தான் சிக்கல் வந்தது. என் கணவரின் கைப்பக்கம் கியரும் ஹேண்ட் பிரேக்கும் இருந்ததால், லீவருக்கு இடமே இல்லை. எங்கெங்கோ வைத்துப் பார்த்துவிட்டுப் பாய் அதை என் சீட்டுக்குப் பக்கத்தில் பொருத்திவிட்டார்.

“மன்னிச்சுக்குங்க தம்பி. இனிமே சேத்துல எறங்குனா தங்கச்சி மனசு வைக்கணும்.”

அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஓட்டும் வண்டியாகிவிட்டது அது. சேறு கண்டால் நிறுத்தி, “போடு” என்பார். இழுப்பேன். கரையேறியதும் “எடு” என்பார். தள்ளுவேன். முந்தின நாள் சண்டை இருந்தாலும் இந்த இரண்டு வார்த்தையைப் பேசியே ஆக வேண்டும்.

அடுத்த மழைக்காலத்தில் பெரிய கல்யாணம் ஒன்று வந்தது. வழியில் ஓடை. இரவெல்லாம் பெய்து, கரை இரண்டும் குழைந்துபோயிருந்தது. எதிர்க்கரையில் கல்யாண வீட்டார் கயிற்றோடும் இரண்டு ஜோடி மாட்டோடும் தயாராக நின்றார்கள். அதைப் பார்த்ததும் என் கணவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

“போடு!”

இழுத்தேன். வண்டி தண்ணீரில் இறங்கியது. மேடேறும்போது ஒரு பக்கம் வழுக்கியது. மறு நொடி மற்ற சக்கரம் பிடித்துக்கொண்டு, உறுமிக்கொண்டே எங்களைக் கரைமேல் கொண்டுபோய் விட்டது. கரையில் இருந்தவர்கள் கயிற்றைப் போட்டுவிட்டுக் கை தட்டினார்கள். என் கணவர் அவர்களைப் பார்த்துக் கையசைத்தார். நானும் அசைத்தேன். அந்தக் கையசைப்பில் அவர் “எடு” என்று சொல்ல மறந்தார், நான் தள்ள மறந்தேன்.

தெரு முனையில் இடதுபக்கம் திரும்ப வேண்டும். அவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். வண்டியோ நேராகவே போய், எதிரில் இருந்த வைக்கோல் போருக்குள் முகத்தைச் செருகி நின்றது. பாதிப் போர் எங்கள்மேல் சரிந்தது. அண்டாக்கள் ஒவ்வொன்றாக உருண்டு ஓய்ந்த பிறகு, இருட்டுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

“எடு.”

“எடுத்துட்டேங்க” என்றேன். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். வைக்கோலை விலக்கி எங்களை வெளியே எடுத்தவர்கள், அடிபட்டு அழுகிறோம் என்று முதலில் பயந்துபோனார்களாம்.

ஒரு கரண்டிகூட நசுங்கவில்லை. அடுப்பு நேரத்துக்கு மூட்டப்பட்டது. பாத்திரக்காரர்களை வழக்கமாகக் கடைசிப் பந்தியில்தான் கூப்பிடுவார்கள். மறுநாள் பெண்ணின் அப்பாவே வந்து எங்களை முதல் பந்தியில் உட்கார வைத்தார். என் தலையில் இன்னும் வைக்கோல் இருந்தது.

சாப்பிட்டுக் கை கழுவும்போது, பெண்ணின் அம்மா மெதுவாகப் பக்கத்தில் வந்தார். “ஆம்பள வண்டி ஓட்டுறாரு, நீ என்னமோ இழுத்து விடுறியாமே. அது என்னம்மா?”

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். பின்னாலேயே அவர் தங்கச்சிகள், நாத்தனார், எதிர்வீட்டுக்காரி என்று ஒரு கூட்டமே வந்துவிட்டது. ஆளாளுக்கு என் சீட்டில் ஏறி உட்கார்ந்து, லீவரை இழுத்துப் பார்த்துத் தள்ளிப் பார்த்தார்கள். பந்தலிலிருந்து என் கணவர், “பாத்துங்க, ஒடைச்சிராதீங்க!” என்று கத்தினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.