மாறிப்போன பாவு

விரல் நுனியைச் சாம்பலில் தொட்டு, பழைய பாவின் இழை ஒன்றையும் புதிய பாவின் இழை ஒன்றையும் சேர்த்து ஒரு திருகு. அவ்வளவுதான், அடுத்த இழை. தறிக்குப் பின்னால் சம்மணமிட்டிருக்கும் முடிச்சு அக்காவுக்கு விரலும் ஓயாது, வாயும் ஓயாது. "பேச்ச நிறுத்தினா வெரல் தூங்கிடும்" என்பார்.

நெடுக்கு நூல்தான் பாவு. ஒன்று நெய்து தீர்ந்ததும் அடுத்ததை இழை இழையாகப் பிணைத்துத் தர, நெசவாளர் தெருவில் அவரை விட்டால் ஆளில்லை. பவுடர் டப்பாவில் சாம்பல். மடியில் மூக்குக் கண்ணாடி. அதைத் துடைப்பார், போட்டு யாரும் பார்த்ததில்லை. "ஆண்டவனே, நீயும் கூட உக்காரு" என்று சொல்லாமல் முதல் இழையைத் தொடமாட்டார்.

இந்த முறை அண்ணன் தம்பி வீடு. ஒரே அறை, ஒரே ஜன்னல், இரண்டு தறி; இரண்டிலும் பாவு தீர்ந்திருந்தது. ரேடியோவில் பாட்டா, செய்தியா என்ற சண்டையில் இருவருக்கும் பேச்சு நின்றுபோய், நடுவில் சுவர் எழுப்பச் செங்கலும் வந்து இறங்கிவிட்டது.

"சுவரு வந்தா எங்க தறி இருட்டாயிடும்க்கா" என்று தம்பி மனைவி கண்ணைக் கசக்கினாள்.

"இருட்டுல நெய்ய உன் புருஷன் என்ன ஆந்தையா?" என்றவர், அதன்பின் வாயே திறக்கவில்லை. அப்போதே யாராவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் அண்ணன் மனைவி அலறினாள். "ஐயையோ! எங்க சிவப்புப் பாவு கொழுந்தன் தறியில! அவங்க அரக்குப் பாவு எங்க தறியில! உனக்குக் கண்ணு இருக்கா, இல்லையா?"

"வயசாகுதில்ல கண்ணு. எல்லாம் ஒண்ணாத் தெரியுது. அறுத்துடலாம், நூலுதான் பாழாகும். இல்லேன்னா இந்தப் பாவு தீர்ற வரைக்கும் ஆள் மாறி உக்காரட்டும்."

மாறி உட்கார்ந்தார்கள். அண்ணன் குள்ளம், தம்பியின் தறிப் பள்ளத்தில் மிதிகட்டை எட்டாமல் கால் அந்தரத்தில் துழாவியது. தம்பி நெட்டை, அண்ணன் தறியில் முட்டி போய் இடித்தது. இருவரும் நெடுநேரம் முக்கினார்கள்.

"டேய், இந்த மிதிகட்டைக் கயித்தத் தூக்கிக் கட்டித் தொலைடா!"

"கட்றேன். நான் உக்கார்ற பலகையத் தூக்கி அண்டக்குடுக்க ரெண்டு செங்கல் எடுத்துக்கவா?"

"நாலா எடுத்துக்கோ. அது இனி எதுக்கு?"

வாசலில் தம்பி மனைவி ஊசியில் நூல் கோக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள். செருப்பை மாட்டிய முடிச்சு அக்கா அதை வாங்கினார். கண்ணாடி மடியிலேயே கிடக்க, ஒரே தடவையில் கோத்துக் கொடுத்துவிட்டு நடந்தார்.