காரணம் எழுத இடமில்லாத படிவம்

கம்ப்யூட்டரில் புல்லாங்குழல் செய்தவன் அவன். நிஜக் குழல் அல்ல, அதன் ஓசை. ஊதுகிறவரின் மூச்சு, குழல்வாயில் அது உரசும் கரகரப்பு, சுரம் பிறக்கும் முன் வரும் சின்னத் தயக்கம், எல்லாவற்றையும் கணக்காக மாற்றி ஓசையாக்கியிருந்தான். மனிதர் ஊதியது எது, கம்ப்யூட்டர் ஊதியது எது என்று கேட்பவர்களுக்குப் பிரித்துச் சொல்ல முடியக்கூடாது. அப்படியானால் முனைவர் பட்டம். இல்லையென்றால் நான்கு வருட உழைப்பும் விழலுக்கு இறைத்த நீர்.

ஆனால் பாழாய்ப்போன ஜனங்கள் பிரித்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். முதல் சுற்றில் முப்பது பேர். பத்துக்கு ஒன்பது முறை சரியாகச் சொல்லிவிட்டார்கள். மூச்சைத் திருத்தினான். இரண்டாம் சுற்றிலும் பழைய குருடி கதவைத் திறடிதான். கரகரப்பைப் பிரித்துப் போட்டு எட்டு மாதம் மறுபடி கட்டினான். மூன்றாம் சுற்றில் இன்னும் கூடுதலாகச் சரி சொன்னார்கள். அவனுக்கோ இரண்டும் ஒன்றுபோலவே கேட்டன. இன்னும் ஒரே ஒரு சுற்றுதான், அதற்குப் பிறகு வேறு தலைப்பு பார்த்துக்கொள் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

சோதனை நடப்பது வெளிச்சத்தம் புகாத ஒரு கண்ணாடி அறையில். வருகிறவர்களுக்கு முதலில் காது பரிசோதனை: ஹெட்போனில் ‘பீப்’ கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். இதை வைத்தே துறையில் அவனுக்கு ‘பீப்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் தேறியவர்களுக்கு நாற்பது ஜோடி ஓசைகள். படிவத்தில் ‘ஒன்று’, ‘இரண்டு’ என்று இரண்டு கட்டங்கள். கம்ப்யூட்டர் எதுவோ அதில் டிக் போட வேண்டும், அவ்வளவுதான். கேட்பவர்களோடு பேசக்கூடாது, முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளக்கூடாது என்பது பேராசிரியரின் சட்டம். அதைக் கண்ணும் கருத்துமாகக் காத்தான். ஒருமுறை ஒரு பெரியவர் வெளியே வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். இவன் கதவைத் திறந்து வழியைக் காட்டினான்.

வீட்டிலும் அப்படித்தான். இவனிடம் சொல்வது செவிடன் காதில் ஊதிய சங்கு என்று அம்மா அலுத்துக்கொள்வாள். இவன் கழுத்தில் தொங்கும் ஹெட்போனைக் காட்டிவிட்டுப் போய்விடுவான்.

கடைசிச் சுற்றில் முப்பதாவது ஆள் வராமல் கைவிட்டார். வேறு வழியில்லாமல் அக்காவைக் கூப்பிட்டான். துணி ஆலையில் தையல் மெஷினோடு பதினைந்து வருடம் குப்பை கொட்டியவள். சொன்ன நேரத்துக்கு வந்து உட்கார்ந்தாள். நாற்பதுக்கு நாற்பது சரி.

அவனுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. சட்டமாவது மண்ணாங்கட்டியாவது என்று கதவைத் திறந்தான்.

“எப்படிக்கா கண்டுபிடிச்ச? எது போலியாத் தெரியுது?”

“போலியா? ரெண்டும் ஒரே மாதிரிதான்டா இருக்கு. நல்லாத்தான் பண்ணியிருக்க. ஒண்ணுல மட்டும் ஆரம்பத்துல சன்னமா ஒரு ‘டிக்’ வருது. ஊசி முனை மழுங்கினா எங்க மெஷின்ல வருமே, அந்த மாதிரி. மனுஷன் ஊதினா அது ஏன் வரப்போகுது? அதனால அதையே போட்டேன்.”

ஓசையின் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தான். தொடக்கத்திலேயே முள் மாதிரி ஒரு கோடு. அடுத்த ஃபைலிலும் அதே முள். ஓசையைச் சேமிக்க முதல் வருடம் அவசரத்தில் எழுதிய நிரல் ஒவ்வொன்றுக்கும் அதை ஒட்டவைத்திருந்தது. ஒரே வரியில் திருத்திவிடலாம். அந்த வரியை விட்டுவிட்டு மூச்சையும் கரகரப்பையும் போட்டு உருட்டியிருக்கிறான். அக்காவுக்கு முன் வந்த நூற்றுப் பத்தொன்பது பேரில் ஒருவரிடமாவது ‘ஏன்’ என்று கேட்டிருந்தால்? தலையில் அடித்துக்கொண்டான்.

பிறகுதான் இன்னொன்று உறைத்தது. ஹெட்போனை மாட்டிக் கேட்டான். சத்தத்தைக் கூட்டிக் கேட்டான்.

“எங்கக்கா வருது?”

அக்கா ஒரு பக்கத்து ஹெட்போனில் காதை வைத்தாள். இதோ இப்போது, இதோ மறுபடியும் என்று விரலால் சுட்டிக்கொண்டே வந்தவள், தம்பியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். நீ உள்ளே போய் உட்கார் என்றாள். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். வந்தவர்கள் காதையெல்லாம் சோதித்தவன் அந்த நாற்காலியில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

பீப் போட எந்தப் பொத்தான் என்று அவளுக்குக் காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தான். அடித்தொண்டை பீப்புகளுக்கெல்லாம் டக் டக்கென்று அழுத்தினான். ஓசை கீச்சுக் குரலை நோக்கி மேலே மேலே ஏறியது. பிறகு ஒன்றும் வரவில்லை. காத்திருந்தான். கண்ணாடிக்கு அப்பால் அக்கா சும்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எரிச்சலோடு எழுந்து கதவைத் திறந்து, சீக்கிரம் போடு, எவ்வளவு நேரம் என்றான்.

“எல்லாம் போட்டாச்சுடா,” என்றாள் அக்கா. “கடைசி ஆறு பீப்பையும் போட்டுட்டு, நீ எப்ப அழுத்துவேன்னுதான் பாத்துக்கிட்டிருக்கேன்.”