மாலூர் கூடு கட்டிய வாரம்

என் அக்கா முதலில் வளர்த்தது ஒரு நத்தை. ஊறுகாய் பாட்டிலில் ஈரமண் போட்டு வைத்திருந்தாள். அப்புறம் தீப்பெட்டியில் ஒரு பொன்வண்டு. அதற்கும் பிறகு, மழைக்காலத்தில் குளிக்கிற இடத்து மூலையில் தானாக வந்து தங்கிவிட்ட ஒரு தேரை. தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில், வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்கு இந்தப் பக்கம் ஆடு வளர்த்தார்கள், அந்தப் பக்கம் கோழி வளர்த்தார்கள்.

"அவங்க வளக்கறது கொழம்புல வேகும். உன்னுது இன்னாத்துக்கு ஆவும்?" என்று அம்மா கேட்பாள்.

"பாக்கறதுக்கு ஆவும்மா" என்பாள் அக்கா, ஊசியில் நூல் கோத்தபடியே.

பார்ப்பதற்கு அவளுக்கு நேரம் ஏது என்பது வேறு விஷயம். விடிவதற்கு முன் ரயில் ஏறி, ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் வேலை செய்துவிட்டு, விளக்கு வைத்த பிறகுதான் வருவாள். அங்கே நாள் முழுக்கச் சட்டைக் காலர் மட்டும் தைப்பாள். ஒரு முழுச் சட்டையை அவள் தைத்ததே கிடையாது. அந்தக் குறைக்கோ என்னவோ, ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் பையிலிருந்து வளையத்தை எடுத்துத் துணியை மாட்டி, கைக்குட்டையில் பூ போட ஆரம்பித்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் கிரேப் பேப்பரில் ரோஜா, பழைய கல்யாணப் பத்திரிகைகளை மடித்துக் கூடை, கிறிஸ்துமஸ் வந்தால் நட்சத்திரம். அவள் அஞ்சாவதோடு நின்றவள். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்த கர்வம் எனக்கு நிறைய இருந்தது. அதை ஊதி வளர்த்ததும் அக்காதான்.

நான் ஏழாவது பரீட்சை எழுதி முடித்த சமயம், அவளோடு வேலை செய்கிற, டேக்கலில் ஏறும் ஒரு தோழி ரயிலில் ஒரு டிபன் டப்பாவை நீட்டினாளாம். உள்ளே முசுக்கொட்டை இலைமேல் பன்னிரண்டு பட்டுப்புழுக்கள். நத்தை வளர்ப்பவளுக்கு இதையும் கொடுத்துப் பார்ப்போமே என்று கேலிக்குக் கொடுத்தது. அக்கா அவற்றைச் செருப்புப் பெட்டியில் குடிவைத்து, தங்கம் பிரித்த கழிவு மண்மேடான சயனைட் டம்ப்பிலிருந்து காற்றோடு வரும் வெள்ளைத் தூசு படாமல் மெல்லிய துணி போட்டு மூடினாள். தினமும் தோழி கொண்டுவரும் இலையை ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்து போட்டாள்.

பெயரும் வைத்தாள். அவள் ஏறும் ரயில் நிற்கிற ஸ்டேஷன்களின் பெயர்கள்தான். மாரிக்குப்பம், ஊரிகம், பங்காரப்பேட்டை, டேக்கல், மாலூர் என்று வரிசையாக. எனக்குப் பன்னிரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. அவளுக்கு அப்படி இல்லை. வந்ததும் வராததுமாகப் பெட்டியைத் திறந்து, "மாலூரு இன்னும் துன்னவே இல்லியே, இன்னாடா ஆச்சி அதுக்கு?" என்று கவலைப்படுவாள். மஞ்சள் அட்டையில் விரலளவு ஸ்டேஷன் போர்டுகள் வெட்டிக் கொடுத்தாள். நான் கறுப்பு மையில் தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் எழுதினேன். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது.

புழுக்கள் ஒவ்வொன்றாகக் கூடு கட்டின. கடைசியாகக் கட்டியது மாலூர். பன்னிரண்டாம் நாள் பூச்சி வெளியே வரும் என்று தோழி சொல்லியிருந்தாள். கூடவே, தன் ஊரில் அந்தப் பூச்சியைப் பார்த்தவர்கள் அதிகம் இல்லை, அதற்கு முன்னாலேயே பட்டெடுக்கக் கூடு கொதிநீருக்குப் போய்விடும் என்றும் சொன்னாளாம். "நான் பாக்கப்போறம்மா" என்று அக்கா அம்மாவிடம் சொன்னாள். அந்தப் பன்னிரண்டாம் நாளான திங்கட்கிழமைக்கு லீவு கேட்டு வாங்கிவிட்டாள். பூச்சி வந்து உட்காருவதற்கென்று ஒரு வெள்ளைத் துணியில் பச்சை நூலால் முசுக்கொட்டை இலைகளைத் தைத்துப் பெட்டிக்குள் விரித்தாள். பூச்சி போன பிறகு கூட்டை வெட்டிப் பூ செய்யலாம் என்றும் ஒருநாள் சொன்னாள்.

இத்தனையிலும் என் காதில் தங்கியது அந்தப் பூ மட்டும்தான்.

எங்கள் மாவட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஓட்டை விழுந்த பட்டுக்கூட்டை யாரும் சீந்தமாட்டார்கள் என்று. எனக்குக் கூடுதலாகப் பாடமே தெரியும். பூச்சி வந்தால் கூட்டில் ஓட்டை விழும், ஆகவே கூடுகளை வெயிலில் உலர்த்துவார்கள். பாவம் அக்கா, படிக்காதவள், இது தெரியாமல் இருக்கிறாளே என்று நினைத்தேன். சனிக்கிழமை உச்சியில் தண்ணீர் டிரம்மேல் ஏறி, தகர ஷீட்டுக் கூரையில் பன்னிரண்டு கூடுகளையும் வரிசையாக வைத்தேன். ஒன்றுக்கொன்று மாறிவிடக் கூடாது என்று அந்தந்தக் கூட்டின் பக்கத்தில் அந்தந்த போர்டையும் வைத்தேன். சித்திரை வெயில். கையை ஊன்ற முடியாதபடி தகரம் சுட்டது. சாயங்காலம் எல்லாவற்றையும் இறக்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, அக்கா வரும் ரயிலுக்காகக் காத்திருந்தேன்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் பெட்டிக்குத்தான் போனாள்.

"இன்னாடா, இவ்ளோ சூடா கீது?"

நான் செய்ததை மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் மாலூரை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பிறகு காதோரம் கொண்டுபோனாள். பிறகு ஊரிகம். பிறகு மற்றவை எல்லாம். நான் பாராட்டுக்காக நின்றுகொண்டிருந்தேன்.

"யாரு சொன்னது உனக்கு?"

"பொஸ்தகத்துல கீதுக்கா."

அடுப்படியிலிருந்து வந்த அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கரண்டியோடு என்னை நோக்கி ஓரடி வைத்தாள். அக்கா அவளைப் பார்த்தாள். அம்மா திரும்பிப் போய்க் குழம்பைக் கிளறினாள்.

"பொஸ்தகத்துல கீதா" என்றாள் அக்கா. கூடுகளைத் திரும்பப் பெட்டியில் அடுக்கியபடி, "படிச்சத மறக்காம செஞ்சிகீற. கைய கழுவிகினு வா, சாப்புடலாம்" என்றாள்.

அன்று அவள் என் தலையில் ஒரு குட்டு வைத்திருக்கலாம். அதற்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் அந்தக் குட்டு என் புத்தகத்தின்மேலும் விழுந்திருக்கும். எங்கள் வீட்டில் முதல்முதலாகக் கல்லூரிப் படியேறியவன் நான் என்று சொல்கிறவர்களிடம், அந்தப் படியில் என்னை உருட்டிவிடாமல் விட்டது ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என்று சொல்லத் தோன்றும். சொன்னால் கதை நீளும் என்று விட்டுவிடுவேன்.

திங்கட்கிழமை லீவை அவள் ரத்து செய்யவில்லை. பூ செய்யத்தான் லீவு என்றாள். வேலைநாளில் அக்கா வீட்டில் இருப்பது எனக்குத் திருவிழா மாதிரி. அவள் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள். எடுத்ததும், பச்சைக் கிரேப் பேப்பர் தீர்ந்துவிட்டது, கடைக்குப் போய் வா என்றாள். ஓடினேன். திரும்பி வந்தபோது நாலைந்து கூடுகள் இதழ் இதழாக வெட்டப்பட்டு, வெளிர்மஞ்சளாக, சுத்தமாக இருந்தன. அடுத்ததை எடுத்தவள், கோந்து காய்ந்துபோயிருக்கிறது என்றாள். மறுபடி ஓடினேன். வந்து மூச்சு வாங்குவதற்குள் கம்பி வேண்டும் என்றாள்.

பூங்கொத்து அற்புதமாக வந்தது. அடுத்த ஞாயிறு சர்ச்சில் வைத்தோம். கேட்டவர்களிடமெல்லாம், ஒரு ஓட்டைகூட விழாமல் காப்பாற்றியது நான்தான் என்று சொன்னேன். அக்கா பக்கத்தில் நின்று, ஆமாம் என்று தலையாட்டினாள்.

கூட்டை வெட்டினால் உள்ளேயிருந்து என்ன விழும் என்பதை நான் பார்த்தது பல வருஷம் கழித்து, பி.எஸ்சி. லேபில். பழுப்பு நிறத்தில், மடங்கி, விரல்நுனி அளவில் இருந்தது. உலர்த்தினால் கூட்டுப்புழு இறந்துவிடும் என்று ஏழாவதிலேயே எழுதி ரைட் வாங்கியவன்தான் நான். ஆனால் பாடத்தில் இருந்தது கூட்டுப்புழு. எங்கள் பெட்டியில் இருந்தது மாலூர். இரண்டும் ஒன்று என்று எனக்கு எந்தக் கேள்வித்தாளும் சொல்லவில்லை.

அந்தத் திங்கட்கிழமை எனக்குத் தெரிந்ததெல்லாம் வெயிலும் கால்கடுப்பும்தான். மூன்றாவது தடவை கம்பியோடு வந்தபோது, அக்கா வீட்டுக்குப் பின்னாலிருந்து, கையில் ஒட்டிய மண்ணை உதறிக்கொண்டு வந்தாள். மீதிக் கூடுகளும் வெட்டியாகிவிட்டிருந்தன.

"மூணையும் ஒரே தடவ சொன்னா இன்னாக்கா?" என்று சிடுசிடுத்தேன்.

"மறந்துட்டேன்டா" என்றாள்.

பன்னிரண்டு புழுவுக்கும் முகம் தெரிந்தவளுக்கு மூன்று சாமான் ஞாபகம் இல்லையே என்று எனக்குக் கோபமாக வந்தது. கம்பியை அவள் மடியில் போட்டுவிட்டு விளையாடப் போய்விட்டேன்.