இழந்த ஊரின் பெயரில் ஒரு கூடைப்பந்து கிளப்

கிரீஸுக்கு வந்த புதிதில், எங்கள் தெருமுனை ரொட்டிக் கடைக்காரம்மாள் சோஃபியா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அபோ பூ இஸே?" எந்த ஊர் என்று அர்த்தம். "தாம்பரம், சென்னைப் பக்கம்" என்றேன். மரியாதைக்கு அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டேன். "ஆர்மிலா" என்றார். பிரேயஸ் துறைமுகத்தைத் தாண்டி ஏதோ ஒரு ஸ்டேஷன் போலிருக்கிறது என்று நினைத்து, அங்கே போக எந்த ரயில் என்று விசாரித்தேன். கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சோஃபியா சிரிக்கவில்லை. ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, "அங்கே ரயில் போகாது பெண்ணே" என்றார்.

ஆர்மிலா கடலுக்கு அந்தப் பக்கம், இன்றைய துருக்கியில் இருக்கிறது. இப்போது அதற்கு வேறு பெயர். சோஃபியா அந்த ஊரைப் பார்த்ததில்லை. அவருடைய அம்மாவும் பார்த்ததில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் நடந்த போரின் முடிவில் இரண்டு நாடுகளும் மதத்தை வைத்து மக்களை மாற்றிக்கொண்டபோது, அங்கிருந்த கிறிஸ்தவர்கள் மூட்டை முடிச்சோடு இங்கே வந்து இறங்கினார்கள். இங்கிருந்த முஸ்லிம்கள் அதேபோல் அங்கே போனார்கள். எங்கள் பேட்டை முழுக்க அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான். பிறந்தது இங்கே, வளர்ந்தது இங்கே. எந்த ஊர் என்று கேட்டால் மட்டும் கடலைக் காட்டுவார்கள்.

நாங்கள் இங்கே வந்ததும் தண்ணீரால்தான். என் கணவர் அன்வர் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். முடிச்சூரில் ஒரு ஃபிளாட் வாங்கி என்னையும் நான்கு வயது மகள் சஃபியாவையும் குடிவைத்துவிட்டுக் கப்பலேறியிருந்தார். அந்த டிசம்பரில் ஏரிகள் உடைந்து தண்ணீர் தரைத்தளத்தை மூடியது. நாங்கள் மொட்டைமாடியில் இருந்தோம். கோவளம் பக்கத்திலிருந்து லாரியில் படகை ஏற்றிக்கொண்டு வந்த மீனவர்கள்தான் எங்களை இறக்கினார்கள். "அக்கா, கொயந்தைய குடு. பயப்படாத, நான் கெட்டியா புட்ச்சிக்கறேன்" என்று ஒருவர் கை நீட்டினார். அன்று அன்வர் ஏதோ ஒரு சமுத்திரத்தின் நடுவில், என் போன் செத்துப்போனது தெரியாமல், அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். கரைக்கு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "இனிமே நான் தனியா போகமாட்டேன் ஜமீலா." பிரேயஸில் ஒரு கப்பல் கம்பெனியின் அலுவலகத்தில் கரை வேலை கிடைத்தது. மூவரும் வந்து சேர்ந்தோம்.

வந்த முதல் குளிர்காலத்தில் எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. மதியம் கடைகளை மூடிவிட்டு ஊரே தூங்கும். ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல் கேட்காது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்வர் பால்கனியில் நின்றுகொண்டிருந்தவர், "பந்து சத்தம் கேக்குது பாரு" என்றார். எனக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்கிறது. தாம்பரம் ரயில்வே குடியிருப்பின் சிமென்ட் கோர்ட்டில், பள்ளிக்கூடம் விட்டதும் பையைத் தூக்கியெறிந்துவிட்டு இருட்டும்வரை ஆடியவர். செருப்போடு கிளம்பிப் போய்விட்டார். இரண்டு தெரு தள்ளி, தகரக் கூரை போட்ட ஒரு கூடம். சுவரில் ஆர்மிலா என்று எழுதியிருந்தது.

கதவருகே நின்றவர் லெஃப்தேரிஸ். பழைய ஆட்டக்காரர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், கிளப்பின் செயலாளர். அன்வர் தன் பெயரைச் சொன்னதும் அவர் முகம் இறுகிவிட்டதாம். "துர்கோஸ்?" துருக்கிக்காரனா என்று கேட்டிருக்கிறார். "இல்லை, இந்தியன்." "ஆனால் முஸ்லிம்?" "ஆமாம்." அந்த நேரம் பார்த்துப் பந்து ஒன்று வெளியே உருண்டு வந்தது. அன்வர் அதை எடுத்து, இருந்த இடத்திலிருந்தே கூடையைப் பார்த்து வீசினார். விழவில்லை. வளையத்தில்கூடப் படவில்லை. லெஃப்தேரிஸ் வாய்விட்டுச் சிரித்து, "எங்கள் டீமுக்குப் பொருத்தமான ஆள்தான்" என்று உள்ளே அழைத்துக்கொண்டாராம். இதை அன்வர் வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டினார்.

கிளப்பின் சரித்திரத்தை லெஃப்தேரிஸ் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் முழுதாகச் சொன்னார். பிரியாணிக் காரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். ஆர்மிலாவில் ஒரு மிஷன் பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே படித்த பையன்கள் இந்த விளையாட்டைக் கற்றிருந்தார்கள். இங்கே வந்து கிடங்கிலும் கூடாரத்திலும் கிடந்த காலத்தில், வீடு வருவதற்கு முன்பே, குழாய்த் தண்ணீர் வருவதற்கு முன்பே, ஒரு பீப்பாயின் இரும்பு வளையத்தைக் கழற்றிக் கம்பத்தில் அடித்து ஆட ஆரம்பித்தார்கள். ஊரின் பெயரைக் கிளப்புக்கு வைத்தார்கள். வேறெங்கே வைப்பது? முதல் ஜெர்சியை, நிவாரணமாகக் கொடுத்த கம்பளியை வெட்டித் தைத்தார்கள். அதனால் கிளப்பின் நிறம் சாம்பல் ஆனது. இன்றைக்கும் எதிரணி ரசிகர்கள் "கம்பளிகளா!" என்று கத்துவார்கள். முதலில் அது வசவு. பிறகு நம்மவர்களே அதைப் பாட்டாகப் பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஜெர்மானியர்கள் நாட்டைப் பிடித்திருந்த பஞ்சக் குளிர்காலத்தில் அந்த அணியின் ஆட்டக்காரர்களே பட்டினியில் செத்திருக்கிறார்கள். போர் முடிந்ததும் மிச்சமிருந்தவர்கள் தம்பிகளைச் சேர்த்துக்கொண்டு திரும்ப ஆடினார்கள். லெஃப்தேரிஸின் வாலிபத்தில் ஒருமுறை நாட்டின் முதல் டிவிஷனுக்கே ஏறிவிட்டார்கள். அந்த வருஷம் பேட்டையில் பிறந்த பாதிப் பிள்ளைகளுக்கு ஆட்டக்காரர்களின் பெயர்தானாம். அப்புறம் இறக்கம். நாட்டில் பொருளாதாரம் உடைந்தபோது ஆதரித்த முதலாளிகள் விலகினார்கள். இளைஞர்கள் ஜெர்மனிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். "எங்கள் தாத்தாக்களைத் துரத்தினார்கள். எங்கள் பிள்ளைகளை யாரும் துரத்தவில்லை, அவர்களாகவே போகிறார்கள்" என்றார். எனக்குப் பொத்தேரி கல்லூரி வாசலில், கையில் பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளின் ஞாபகம் வந்தது. அன்வர் அவருக்கு இன்னும் கொஞ்சம் தயிர்ப் பச்சடி வைத்தார்.

நாளடைவில் அன்வர் அந்தக் கிளப்பின் ஆளாகிப்போனார். ஞாயிறு ஆட்டங்களில் கோர்ட்டின் ஓரத்து மேஜையில் உட்கார்ந்து ஆட்டக் கடிகாரத்தை ஓட்டுவது அவர் வேலை. விசில் அடித்தால் நிறுத்த வேண்டும், பந்து உள்ளே வந்தால் ஓடவிட வேண்டும். சஃபியா பெண்கள் அணியில் சேர்ந்தாள். கை கால் மூடிய உடையின் மேல் சாம்பல் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஓடுவாள். முதலில் முணுமுணுத்த கிழவிகள் பிறகு என் மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். எனக்கு இந்த மண்ணோடு ஒட்டுதல் வந்தது அந்தக் கூடத்தில்தான்.

போன ஜனவரியில், சஃபியா ஆடிக்கொண்டிருந்த ஒரு ஆட்டத்தின் நடுவே, அன்வர் அந்த மேஜையிலேயே சாய்ந்தார். நான் எதிர்ப்பக்கப் படியில் இருந்தேன். கீழே விழுந்த எதையோ எடுக்கக் குனிகிறார் என்றுதான் நினைத்தேன். நடுவர் விசில் அடித்தார், கடிகாரம் நிற்கவில்லை. எல்லோரும் மேஜையைத் திரும்பிப் பார்த்தார்கள். சஃபியாதான் முதலில் ஓடினாள். லெஃப்தேரிஸ் அன்வரின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார், யாரோ ஆம்புலன்ஸுக்குப் பேசினார்கள், நான் "அன்வர், அன்வர்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதற்கெல்லாம் மேலே கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்து அதன் சங்கு அலறியது. அதை நிறுத்தத் தெரிந்தவர் தரையில் கிடந்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கிளப்பின் ஆட்கள் வரிசையாக என் கையைப் பிடித்து, "ஸோயி ஸே ஸாஸ்" என்றார்கள். உங்களுக்கு ஆயுசு என்று பொருள். இழவு வீட்டில் இவர்கள் சொல்லும் ஆறுதல் அது. எனக்கு அப்போது தெரியாது. அவரைக் கொண்டுபோய்விட்டு எனக்கு ஆயுசு கொடுக்கிறார்களே என்று ஒரு கிழவியின் கையை உதறிவிட்டேன்.

அடக்கம் செய்ய இடமில்லை. இந்த மாநகரத்தில் எங்களுக்கென்று ஒரு கபர்ஸ்தான் கிடையாது. வடக்கே, துருக்கி எல்லைக்குப் பக்கத்தில் பழைய முஸ்லிம் ஊர்களில் இருக்கிறது. நாள் முழுக்கப் பயணம். லெஃப்தேரிஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். பேட்டைக் கல்லறையில் தன் குடும்பத்துக்கு ஒரு குழி இருப்பதாகவும், அதில் அன்வரை வைக்கலாம், பாதிரியாரிடம் தான் பேசிக்கொள்வதாகவும் சொன்னார். என் கண் நிறைந்தது. பிறகு, "மூன்று வருஷம் கழித்து எலும்புகளை எடுத்து ஒயினில் கழுவிப் பெட்டியில் வைத்துவிடுவோம், கவலைப்படாதே" என்று சேர்த்துக்கொண்டார். இங்கே இடம் பற்றாததால் அதுதான் வழக்கம். அவர் சொன்னது தன் அப்பாவுக்குச் செய்த மரியாதையை. எங்களில் கபரைத் தோண்டுவதும் கிடையாது, ஒயினைத் தொடுவதும் கிடையாது. வேண்டாம், வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவருக்கு ஏன் என்று விளங்கவில்லை.

தாம்பரத்திலிருந்து மாமியார் போனில் அழுதார். "எம் புள்ளைய எங்கிட்ட அனுப்பிடு ஜமீலா. அந்தக் குளிர்ல அவன வைக்காத." சஃபியா எதிரே நின்றுகொண்டு, "அத்தா இங்கதாம்மா இருக்கணும். அங்க வச்சா நான் எப்படிப் போய்ப் பாப்பேன்?" என்றாள். இரண்டுமே நியாயம். இரண்டையும் நான்தான் கேட்க வேண்டியிருந்தது. அனுப்பினேன். எங்கள் இருவரின் குடியிருப்பு அட்டையும் புதுப்பிப்பில் இருந்தது. இப்போது வெளியேறினால் திரும்பி வருவது கஷ்டம் என்றார்கள். சஃபியாவின் பள்ளி வருஷமும் பாதியில் இருந்தது. தனியாகப் போகமாட்டேன் என்று சொன்ன மனிதர் சரக்கோடு சரக்காகத் தனியாகப் போனார். தாம்பரத்தில் அவருடைய தம்பி கலீல் எல்லாம் செய்தார். சஃபியா என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

நான் வீட்டுக்குள் இத்தா இருந்தேன். நான்கு மாதத்துக்கு மேல் ஒரு விதவை வெளியே வராமல் இருப்பது இவர்களுக்கு முதலில் புரியவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். புரிந்ததும் ரொட்டியும் காய்கறியும் வாசலுக்கு வந்தன. நான் கையை உதறிய கிழவிதான் முதலில் வந்தவர். அந்த மாதங்களில்தான் கிளப்பும் முடிந்தது. ஆண்கள் அணிக்கு ஆள் சேரவில்லை, கூரை ஒழுகியது. கடற்கரையோரத்து வசதியான பேட்டையின் கிளப் ஒன்று, பெண்கள் அணியையும் சிறுவர்களையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. ஆனால் அவர்கள் பெயர், அவர்கள் நிறம். உறுப்பினர்கள் கூடிக் கை தூக்கினார்கள். பிள்ளைகள் ஆட வேண்டுமே என்பதற்காகத் தூக்கினார்கள்.

ஆர்மிலா என்ற பெயரில் நடந்த கடைசி ஆட்டத்தில் சஃபியா ஆடினாள். நான் பால்கனியில் நின்றேன். ரொட்டிக் கடை சோஃபியாகூடக் கடையை மூடிவிட்டுப் போனார். கம்பளிப் பாட்டு ஜன்னல் வழியே கேட்டது. ஆட்டம் முடிந்த பிறகும் அது நிற்கவில்லை. மகள் வந்து, குனிந்த தலையோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பின்னாலேயே வந்த லெஃப்தேரிஸ் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் கதவுக்கு உள்ளே, அவர் வெளியே.

"உன் கணவனைக் கொண்டுபோய் வைக்க உங்களுக்கு ஒரு ஊர் இருந்தது. அதற்காக நான் பொறாமைப்படுகிறேன், தப்பாக நினைக்காதே. எங்கள் ஆர்மிலாவை இன்று எங்கே கொண்டுபோய் வைப்பது?"

டீ போட்டு, கதவைக் கொஞ்சமாகத் திறந்து வெளியே வைத்தேன்.

அட்டைகள் வந்து, ஜூலையில் நானும் சஃபியாவும் தாம்பரம் போனோம். ஜிஎஸ்டி ரோட்டின் சத்தத்தில் அவள் காதைப் பொத்திக்கொண்டாள். மாமியார் அவளைக் கட்டிக்கொண்டு அழுதபோது, பொம்மை மாதிரி நின்றாள். மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு கலீல் எங்களைக் கபர்ஸ்தானுக்கு ஆட்டோவில் கூட்டிப்போனார். கேட்டுக்கு முன்னால் இறங்கியதும் தயங்கினார்.

"அண்ணி, லேடீஸ் உள்ள போற வழக்கம் இங்க இல்ல. ஜமாஅத்துல கேட்டுப் பாத்தேன்… ஒத்துக்கல."

எனக்குத் தெரிந்த வழக்கம்தான். ஆனாலும் விமானத்தில் வந்த வழியெல்லாம் அதை நான் நினைக்கவே இல்லை. சஃபியா என்னைப் பார்த்தாள். மாதக்கணக்கில் பேசாத அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. உயரமான மதில். அந்தப் பக்கம் ஒரு வேப்பமரத்தின் தலை மட்டும் தெரிந்தது.

கலீல் கொஞ்சம் யோசித்து, "நான் உள்ள போய் வீடியோ கால் போடறேன் அண்ணி, எடுங்க" என்று ஓடினார்.

பத்தடி தூரத்தில், சுவருக்கு இந்தப் பக்கம், நாங்கள் ஆட்டோவை ஒட்டி நின்று போனைப் பார்த்தோம். படம் ஆடியது. செருப்பில்லாத கலீலின் கால், காய்ந்த புல், பிறகு ஒரு மண்மேடு. மழையில் கொஞ்சம் அமுங்கியிருந்தது. மேலே ஏதோ செடி முளைத்திருந்தது. நான் ஓத ஆரம்பித்தேன். சஃபியா என் கையிலிருந்து போனை வாங்கி, முகத்துக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டு, அன்வரும் அவளும் கூடத்திலிருந்து நடந்து வரும்போது பேசுகிற கிரேக்கத்தில் சொன்னாள்.

"ஹாஸமே, அத்தா."

தோற்றுவிட்டோம் என்று அர்த்தம். தொலைத்துவிட்டோம் என்பதற்கும் அவர்களுக்கு அதே சொல்தான். கலீலுக்குப் புரியவில்லை. "இன்னாம்மா? சத்தமா சொல்லு, சிக்னல் இல்ல" என்ற குரல் போனிலும், மதிலைத் தாண்டி நேராகவும், இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. சஃபியா இன்னும் சத்தமாகச் சொன்னாள்.