அத்தா உப்புத் தடவிய விடுமுறை

இன்று ஹாஸ்டலில் எவனோ கருவாடு சுட்டான். வார்டன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். எனக்கோ பத்து வருடத்துக்கு முந்தைய பாம்பன் ஞாபகம் வந்துவிட்டது.

அத்தா திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தோல்ஷாப் நடத்தினார். அம்மா விடாமல் கேட்டதால், பாம்பன் தீவில் கடலைப் பார்த்த பங்களா ஒன்றைப் பத்து நாளைக்கு வாடகைக்குப் பிடித்தார். அம்மா அதுவரை கடலைப் பார்த்ததில்லை. முதல் நாள் முழுக்க வராந்தாவில் காலை நீட்டி உட்கார்ந்தே இருந்தாள். அத்தாவுக்குச் சும்மா இருக்க வரவில்லை. இரண்டாம் நாளே பெட்டியை எடுத்தார்.

“தோலெல்லாம் சுண்ணாம்புக் குழியில கெடக்கு. கெளம்பு, போவோம்.”

“நீங்க போங்க. எனக்கு இன்னும் எட்டு நாள் இருக்கு,” என்றாள் அம்மா, எழுந்திருக்காமலே.

அத்தா கோபமாகக் கரையில் இறங்கி நடந்தார். அங்கே ஒரு மீன்காரப் பெண் பெரிய திருக்கை மீனைப் பிளந்து கருவாட்டுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். அத்தா குனிந்து, தோலைச் சோதிப்பதுபோல் மீனின் ஓரத்தை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார்.

“எங்க ஷாப்புல தோலுக்கு இப்பிடிப் போட்டா ஓரம் அழுகிரும். இன்னும் உப்பு போடும்மா.”

“இது தோலு இல்லய்யா, திங்கிற மீனு. அம்புட்டு உப்பு போட்டா எவன் திம்பான்?”

அத்தா கேட்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். மிச்ச எட்டு நாளும் காலையில் போனால் அந்தி சாய்ந்துதான் திரும்பினார். அவர் உப்புப் போட்ட மீனையெல்லாம் அந்தப் பெண் எங்கள் தலையிலேயே கட்டினாள்.

கிளம்பும்போது, “அடுத்த வருசமும் வருவியளா?” என்று கேட்டாள்.

“வருவோம். இவரு வேலைக்கு, நான் சும்மா இருக்க,” என்றாள் அம்மா.

இந்தக் கோடைக்கும் பங்களாக்காரருக்குக் கடிதம் போட்டது அத்தாதான்.