சிவப்புத் துண்டில் என் நாலு வரிசை

1989ஆம் வருடம், ஜனவரி மாதம். ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் நான் தையல் கடை வைத்திருந்தேன். ஒரு மெஷின், ஒரு மேசை, மழை வந்தால் ஒழுகும் தகரக் கூரை, அவ்வளவுதான் கடை. அப்போது சட்டசபைத் தேர்தல் சமயம். ரவிக்கை, பாவாடை எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிட்டுக் கொடி தைத்துக்கொண்டிருந்தேன். எந்தக் கட்சிக்காரன் வந்து கேட்டாலும் தைப்பேன். எனக்குக் கட்சி கிடையாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் அதிகம், கோபம் அதைவிட அதிகம். அளவு எடுக்கும்போது ஆடினால் திட்டுவேன். தைத்ததைக் குறை சொன்னால் துணியை முகத்தில் வீசுவேன். வேலை சுத்தமாக இருந்ததால் ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பையனை எனக்கு டிசம்பரிலேயே தெரியும். தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் படித்தான். பேன்ட் நீளம் குறைக்க வந்தான். நல்ல சிவப்பு, அடர்த்தியான மீசை. வெளிநாட்டுப் பையன் என்று பார்த்தாலே தெரிந்தது. "எந்த ஊரு?" என்று கேட்டேன். கடையில் நான் வைத்திருந்த கிறிஸ்துமஸ் குடிலைக் காட்டி, "இந்த ஊரு அக்கா" என்றான்.

நாங்கள் கத்தோலிக்கர். எனக்கு வந்ததே ஆத்திரம்.

"இன்னா, கிண்டலா? சாமி விஷயத்துல வெளையாடின, செருப்பு பிஞ்சிடும்."

"கிண்டல் இல்லக்கா. பெத்லகேம். அங்கேர்ந்து பஸ்ல கால் மணி நேரம் போனா எங்க கிராமம். பாலஸ்தீனம்."

"அது பைபிள்ல கீற ஊருடா. அங்க இப்ப ஆளுங்க இருக்காங்களா?"

"நான் ஆள் இல்லியா?" என்றான்.

வருடா வருடம் வைக்கோல் பரப்பி, பஞ்சு ஒட்டி, குடில் வைக்கிறவள் நான். அந்த ஊரில் இன்றைக்கும் ஜனங்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் பேன்ட் நீளமாகிப் போகும் என்று ஒரு நாள்கூட நினைத்ததில்லை. அவன் தமிழைக் கல்லூரி மெஸ் சமையல்காரரிடம் கற்றிருந்தான். அதனால் எங்கள் ஊர்க்காரன் மாதிரியே பேசினான். குடிலைக் குனிந்து பார்த்துச் சிரித்தான்.

"எங்க ஊர்ல ஓலை வூடே இல்லக்கா. எல்லாம் கல்லு."

"கல்லுல கட்ட நான் இன்னா மேஸ்திரியா? பேன்ட்ட குடுத்துட்டுப் போ."

அதற்கப்புறம் பித்தான் தைக்க, ஜிப் மாற்ற என்று அடிக்கடி வந்தான். வந்தபோதெல்லாம் ஊரைப் பற்றி ஏதாவது சொல்வான். அவன் பிறந்த வருடமே வேறு நாட்டு ராணுவம் அவர்கள் ஊருக்குள் வந்துவிட்டதாம். அதிலிருந்து அந்த ராணுவம் வைத்ததுதான் சட்டமாம். நான் மெஷினை மிதித்தபடி பாதி கேட்பேன், பாதி விடுவேன்.

ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நாள் காகிதப் பொட்டலம் ஒன்றோடு வந்தான். பிரித்தால் நாலு துண்டுத் துணி. கறுப்பில் ஒரு பட்டை, வெள்ளையில் ஒரு பட்டை, பச்சையில் ஒரு பட்டை, சிவப்பில் ஒரு முக்கோணம். நாலிலும் கையால் போட்ட குறுக்குத் தையல், சின்னச் சின்னப் பெருக்கல் குறியாக. சிவப்புத் துண்டின் நடுவில் வெள்ளை நூலில் எட்டு முனை நட்சத்திரம். திருப்பிப் பார்த்தேன். தையல்காரி முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்பாள். ஒரு முடிச்சுகூடத் துருத்திக்கொண்டு இல்லை. இப்படி ஒரு கையை நான் அதுவரை பார்த்ததில்லை.

"யாரு போட்டது?"

"அம்மா."

கல்லூரியில் பொங்கல் விழா. அவனும் அவன் நாட்டுப் பையன்கள் நாலு பேரும் அவர்கள் ஊர் நடனம் ஆடப் போகிறார்களாம். வரிசையில் முதல் ஆள் இவன். கையில்லாத பழுப்புக் கோட்டு ஒன்று வைத்திருந்தான். அதன் முதுகில் இந்த நாலையும் சேர்த்துத் தைக்க வேண்டும். எது எங்கே என்று ஒரு தாளில் வரைந்தும் கொடுத்தான். மேலே கறுப்பு, நடுவில் வெள்ளை, கீழே பச்சை, மூன்றையும் தொட்டபடி பக்கவாட்டில் சிவப்பு.

"பாத்து தைங்கக்கா."

"எனக்கே சொல்லித் தர்றியா? வியாழக்கிழமை வா, போ" என்று அனுப்பினேன்.

துணிகளை மேசையில் அவன் வரைந்தபடி அடுக்கிப் பார்த்தேன். கறுப்புக்குப் பக்கத்தில் சிவப்பு. எங்கள் ஊரில் அந்த இரண்டு நிறமும் சேர்ந்தால் என்ன அர்த்தம் என்று பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அதுவும் தேர்தல் நேரம். முந்தின வாரம்தான் பஸ் ஸ்டாண்டில் ஒருவனை அவன் போட்டிருந்த துண்டின் கரைக்காக அடித்தார்கள். இந்தப் பையன் வெளிநாட்டான், ஒன்றும் தெரியாமல் முதுகில் கொடியை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவான், எவனாவது மூக்கை உடைப்பான் என்று நினைத்தேன்.

அவனைக் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. எனக்குத் தெரியாததா என்ற திமிர். பச்சையை மேலே கொண்டுபோனேன், கறுப்பைக் கீழே இறக்கினேன். சிவப்பு முக்கோணத்தை எங்கே வைத்தாலும் கறுப்பைத் தொட்டது. கத்தரிக்கோலை எடுத்து நடுவில் இரண்டாக வெட்டி, தோளுக்கு ஒன்றாக வைத்துத் தைத்தேன். கோட்டு பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பையனைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

வியாழக்கிழமை சாயங்காலம் வந்தான். மறுநாள் விழா. கோட்டைக் கையில் கொடுத்தேன். திருப்பினான். தோளில் இருந்த அரை நட்சத்திரத்தை விரலால் தடவினான். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"இத வெட்டிட்டீங்களாக்கா?"

"ஆமா. அப்படியே தச்சிருந்தா நீ தண்டலம் போய்ச் சேர மாட்ட. கட்சிக்கொடின்னு நெனச்சி பொரட்டி எடுத்துடுவானுங்க. ஒன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

அவன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவன் மெதுவாகச் சொன்னான். "கொடிதான்க்கா. எங்க நாட்டுக் கொடி."

அவர்கள் ஊரில் அந்தக் கொடியை ஏற்றக் கூடாதாம். ஏற்றினால் பிடித்துக்கொண்டு போவார்களாம். அந்த நாலு நிறத்தைச் சேர்த்து ஒரு படம் வரைந்தால் அந்தப் படத்தையும் எடுத்துப் போய்விடுவார்களாம். ஒரு வருடமாக ஊரே தெருவில் நின்று எதிர்க்கிறதாம், பாதி நாள் ஊரடங்காம். அதனால் பெண்கள் கொடியின் நிறங்களைத் தங்கள் அங்கியின் நெஞ்சில் தைத்துப் போட்டுக்கொள்கிறார்களாம். கம்பத்தில் இருந்தால் பிடுங்கலாம், உடம்பில் இருக்கும் உடையை எப்படிப் பிடுங்குவான்? இவன் அம்மா ஊரடங்கு நாட்களில் வீட்டுக்குள் உட்கார்ந்து இவனுக்காகத் தைத்திருக்கிறாள். ஒன்றாகச் சேர்த்து அனுப்பினால் எல்லைப் பாலத்தில் பெட்டியைக் கொட்டிப் பார்ப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று, நாலு துண்டாகவே விட்டு, ஊருக்குப் போய் வந்த நண்பனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

"அங்க அம்மா பயந்துகினு பிரிச்சாங்க. இங்க ஒண்ணா சேத்துக்கோன்னு சொல்லி அனுப்பிச்சாங்க. இங்க யாருக்குக்கா பயம்?"

அங்கே துப்பாக்கி வைத்திருப்பவன் செய்கிற வேலையை நான் இங்கே கத்தரிக்கோலால் செய்திருக்கிறேன். அதுவும் ஒருத்தி பயந்து பயந்து போட்ட தையலின் மேல். என் கையை நானே உடைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை.

"நாளைக்கி மத்தியானம் வா" என்றேன்.

"சரி பண்ண முடியுமாக்கா?"

"வாய மூடிக்கினு போ."

மறுநாள் காலையில் மேசையில் இருந்த கட்சிக் கொடிகளையெல்லாம் வாரி மூலையில் போட்டேன். நான் தைத்த தையலை நானே பிரித்தேன். அதுவரை எந்த மகாராணிக்கும் நான் பிரித்துத் தைத்தது கிடையாது. சிவப்புத் துண்டுதான் சிக்கல். இரண்டு பாதியையும் சாதாரணமாகச் சேர்த்துத் தைத்தால் மடிப்புக்குள் நட்சத்திரத்தின் நடு போய்விடும். அதனால் அடியில் வேறு சிவப்புத் துணி கொடுத்து, வெட்டிய ஓரங்களை இழைக்கு இழை சேர்த்து வைத்து, அதன் மேல் குறுக்குத் தையல் போட்டுத்தான் மூட வேண்டும். சின்ன வயதில் கன்னியாஸ்திரிகளிடம் மாதா கோயில் பீடத் துணிக்குப் போடக் கற்ற தையல். எண்ணிப் பார்த்தேன். நாலு வரிசை போட வேண்டும்.

பத்து மணிக்குக் கட்சி ஆள் வந்தார். இருநூறு கொடி சொல்லியிருந்தவர்.

"இன்னாம்மா இது, நம்ம கொடி மூலையில கீது, நீ பூ போட்டுக்கினு குந்திக்கினு கீற?"

"இன்னிக்கி ஒன் கொடி இல்ல. நாளைக்கி வா."

"எலக்சனையும் தள்ளி வைக்கச் சொல்லட்டா?"

"சொல்லு. எனக்கும் வேலை முடிஞ்சிடும்."

என் கையில் இருந்ததை எட்டிப் பார்த்தார். "கறுப்பு செவப்பு நம்மளுது மாதிரி கீது. பச்சை வேற சேத்துக்கீற. இது எந்தக் கூட்டணி?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்சி இல்லை, ஒரு நாடு என்று சொல்லி, பையன் சொன்னதை ரெண்டு வார்த்தையில் சொன்னேன்.

"கொடி வச்சிருந்தாலே புடிச்சிக்கினு போவானா?"

"வரைஞ்சாலே புடிப்பானாம்."

தெருவில் கட்டியிருந்த தோரணங்களைப் பார்த்தார். எங்கள் தெருவில் எல்லாக் கட்சிக் கொடியும் ஆடிக்கொண்டிருந்தது. "சரி, அத முடி. நம்மளுத நாளைக்கி காலைல வந்து வாங்கிக்கறேன்" என்று போய்விட்டார். அந்த ஆள் ஒரு வேலையைத் தள்ளிப் போட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மத்தியானம் பையன் வந்தபோது கோட்டில் இன்னும் ஒரு ஓரம் பாக்கி இருந்தது. கடையைச் சாத்திவிட்டு நானும் பஸ் ஏறினேன். ஓடுகிற பஸ்ஸில் ஊசியால் குத்திக்கொண்டே தண்டலம் போவதற்குள் முடித்தேன். மேலே கறுப்பு, நடுவில் வெள்ளை, கீழே பச்சை, பக்கத்தில் சிவப்பு. அவன் அம்மா நினைத்தபடி.

மேடைக்குப் பக்கத்தில் அவனும் மற்ற நாலு பேரும் தயாராக நின்றார்கள். ஹாஸ்டல் வார்டன் வந்தார். முதுகைப் பார்த்தார்.

"என்னப்பா இது? எலெக்ஷன் நேரத்துல கட்சிக் கலர் எதுவும் உள்ள வரக்கூடாதுன்னு நோட்டீஸ் போட்டிருக்கோம் இல்ல? கழட்டு. இல்லேன்னா ஆட வேணாம்."

நான் பயந்தது பஸ் ஸ்டாண்டு ரவுடிகளுக்கு. படித்த மனிதரும் அதையேதான் சொன்னார். பையன் இங்கிலீஷில் ஏதோ சொல்லிப் பார்த்தான். அவர் கேட்கவில்லை. பையன் பித்தானில் கை வைத்தான்.

என்னால் பொறுக்க முடியவில்லை. நடுவில் போய் நின்றேன்.

"கழட்டாதடா. சார், இது கட்சி இல்ல, அவங்க நாடு."

"நீங்க யாரும்மா?"

"டெய்லர். நீங்க நெனச்சதையே நானும் நெனச்சி இத ரெண்டா வெட்டினவ. இவங்கம்மா ஊரடங்குல ஒக்காந்து தச்சது சார். அங்க ஒண்ணா வைக்க முடியலன்னுதான் துண்டு துண்டா இங்க அனுப்பிக்கீறாங்க. காலைலேர்ந்து குந்தி இப்பதான் ஒட்ட வச்சேன். நீங்க ரெண்டாந்தபா வெட்டாதீங்க."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. முன்வரிசைப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். வார்டன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதுகுக்குக் கிட்டே குனிந்தார். தையலை ரொம்ப நேரம் பார்த்தார். என்ன நினைத்தாரோ, "அஞ்சு நிமிஷம். ஆடிட்டு எறங்கிடணும்" என்றார்.

அஞ்சு நிமிஷம் இல்லை, கால் மணி நேரம் ஆடினார்கள். தோளோடு தோள் சேர்த்து, கை கோத்து, வரிசையாக நகர்ந்து, ஒரே நேரத்தில் காலைத் தூக்கித் தரையில் அடித்தார்கள். பலகை மேடை அதிர்ந்தது. பாட்டு ஒரு வார்த்தை புரியவில்லை. அழுகைப் பாட்டு இல்லை என்று மட்டும் தெரிந்தது. நாங்கள் இருக்கிறோம், இங்கேதான் நிற்கிறோம் என்று சொல்கிற மாதிரி இருந்தது அந்தக் காலடி. எங்கள் பையன்கள் விசில் அடித்துத் தாளம் போட ஆரம்பித்தார்கள். அவன் சுற்றித் திரும்பும்போதெல்லாம் முதுகு தெரிந்தது. நாலு நிறமும் ஒன்றாக, நட்சத்திரம் முழுசாக. நான் கைதட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஆடி முடித்து வேர்க்க விறுவிறுக்க இறங்கி வந்தான்.

"எது உங்க தையல்னு தெரியவே இல்லக்கா."

"பொய் சொல்லாத. என் நூலு பளபளன்னு கீது. குருடனுக்கும் தெரியும்."

சிரித்தான். "அது அப்படியே இருக்கட்டும். அம்மா கேட்டா, இந்தியாவுல ஒரு கோவக்கார அக்கா வெட்டினாங்க, அவங்களே தச்சாங்கன்னு சொல்றேன்."

அடுத்த வருடம் படிப்பு முடித்துப் போய்விட்டான். கடிதம் எதுவும் வரவில்லை. அந்தக் கோட்டு எல்லையைத் தாண்டியதா, அவன் அம்மா அதைப் பார்த்தாளா, எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் எத்தனையோ கல்யாணத்துக்கு, எத்தனையோ தேர்தலுக்குத் தைத்தேன், எல்லாம் கிழிந்து போயிருக்கும். யார் துணி என் மேசைக்கு வந்தாலும் இது யார் கை என்று கேட்ட பிறகுதான் இப்போதும் கத்தரிக்கோலைத் தொடுகிறேன்; தன் நாட்டைத் துணியில் மறைத்து அனுப்பிய ஒரு தாயின் தையலுக்கு நடுவே என்னுடையதும் நாலு வரிசை இருக்கிறது என்பதைவிடப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள என் வாழ்க்கையில் வேறொன்றும் இல்லை.